ஏழு வோல்ட்

அறை முப்பத்தாறு டிகிரி.
மேல் ஹார்ட் டிஸ்க் நாற்பத்தொன்பது,
கீழ் ஹார்ட் டிஸ்க் ஐம்பது,
இடையில் சிக்கியது ஐம்பத்தேழு.
மூவர் இருக்கையில் நடுவில் உட்கார்ந்தவரைப் போல
இரு பக்கத்து வெக்கையும் அதற்குத்தான்.

காஸ்ட்ரோ வெர்டேயில் ஜூலை.
இரவு பதினொன்றுக்கும் சுவரில் சாய முடியவில்லை.

என் தொழில் கேட்பது.
பதினாறு ஆண்டுகளாக விடியலுக்கு முன்
புல்வெளியில் மைக் நட்டுக் காத்திருந்து
சிறு கானமயில் சேவல்கள் உமிழும்
ஒற்றை ஒலியைப் பிடித்து வைத்திருக்கிறேன்:
ப்ர்ட்.
காய்ந்த துணி கிழிவதுபோல, அவ்வளவுதான்.
அதைக் கேட்க அறையில் ஈகூடப் பறக்கக் கூடாது.

அதனால்தான் பெட்டியின் விசிறியைப் பிடுங்கினேன்.
அதனால்தான் மூன்று டிஸ்க்குகளையும்
கூண்டில் முடுக்காமல்
பாவாடை எலாஸ்டிக்கில் தொங்கவிட்டேன், தூளிபோல.
அதிர்வு செத்தது. மேசை முனகலை நிறுத்தியது.
இரும்பைத் தொடாதவற்றுக்கு
இரும்பிடம் சூட்டை இறக்கிவைக்கவும் வழியில்லை என்பது
அப்போது தோன்றவில்லை.

நேற்று நடு டிஸ்க் ஒருமுறை சொடுக்கியது.
நகத்தில் நகம் பட்ட அளவு.
எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
அதில் இருப்பது ஏழு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல்,
தெற்கு மேட்டில் பதினோரு சேவல்கள்.
மேட்டில் இப்போது பாதாம் கன்றுகள்,
சொட்டுநீர்க் குழாய், கம்பி வேலி.
பிரதி இருக்கிறதா?
இருக்கிறது, கீழ் டிஸ்க்கில்.
அதாவது அதே அடுப்பின் அடுத்த பர்னரில்.

"ஃபிரிட்ஜில் வை, டொமிட்டிலா" என்றான் எவரிஸ்டு.
கீழ்வீடு. மீன் வண்டிகளின் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவன்.
வெளியே எடுத்ததும் வியர்க்குமே,
உள்ளே ஒரு சொட்டு போனால் எல்லாம் போச்சே என்றேன்.
தலையைச் சொறிந்தான்.
"எனக்குத் தெரிந்ததெல்லாம் மீன்."
போகும்போது ஒரு விசிறியை விட்டுப் போனான்:
ஒன்றரை உள்ளங்கை அகலம்,
பன்னிரண்டு வோல்ட், மத்தி வாடை.

பன்னிரண்டில் அது விமானம்.
ஐந்தில் இறக்கை அசைய மறுத்தது,
விரலால் தள்ளினால் சுற்றியது. நம்பமுடியாது.
மஞ்சள் கம்பிக்கும் சிவப்புக் கம்பிக்கும் இடையே கோத்து
ஏழில் வைத்தேன்.

முன்பலகையைக் கழற்றினால்
வலை முழுக்கப் பூனை மயிரும் வைக்கோல் தூசும்
கம்பளம் நெய்து வைத்திருந்தன.
பழைய பல்துலக்கி, சோப்பு, ஜன்னலோரக் காய்ச்சல்.
நடு டிஸ்க்கைத் தூளியிலிருந்து இறக்கி
இரண்டு அறை தள்ளி வைத்து
நான்கு திருகாணியும் முடுக்கினேன்.
கை நுழையும் அளவு வெற்றிடம்.
அவ்வளவு பெரிய பெட்டியில்
இத்தனை நாள் ஏன் நெருக்கி வைத்தேன்?

ஐம்பத்தேழு.
ஐம்பத்திரண்டு.
தர்பூசணி ஒரு கீற்று தின்று, கை கழுவி வந்தேன்.
நாற்பத்தைந்து.
நாற்பத்துமூன்றில் நின்றது.
இந்த அறையில் அதற்குக் கீழே கேட்பது பேராசை.

ஆனால் இப்போது அறையில் ஒரு ம்ம்ம்.
ஹெட்போனை மாட்டி அந்த மேட்டின் விடியலைத் திறந்தேன்.
ம்ம்ம்.
ப்ர்ட்.
ம்ம்ம்.
எரிச்சலில் விசிறியின் குமிழை விரலால் அழுத்தி நிறுத்தினேன்.

ம்ம்ம் நிற்கவில்லை.

மறுபடி ஓட்டினேன்.
அது பதிவுக்குள் இருந்தது.
பாதாம் வருவதற்கு முன்பே
இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் யாருடைய நிலத்திலோ
தண்ணீர் இறைக்கும் ஒரு மோட்டார்,
ஏறத்தாழ இதே சுருதியில்.
குறிப்பேட்டைப் புரட்டினேன்.
அந்தத் தேதிக்கு நேரே என் கையெழுத்து:
"காற்று இல்லை. முழு நிசப்தம்."

விரலை எடுத்தேன்.
இறக்கை ஒரு கணம் தயங்கிவிட்டுச் சுற்றியது.
நாற்பத்துநான்கு.
நாற்பத்துமூன்று.